மாமாவின் கடையில் பார்த்த வேலையும் வேலைதான்

வாசகி கேட்டிருப்பது:

எனக்கு வயது 28. சொந்த ஊர் மட்டக்களப்பு. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்து, 2021இல் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவை முடித்தேன். 2022 முழுவதும் அம்மாவின் சத்திரசிகிச்சை காரணமாக வீட்டில் இருந்தேன். 2023 தொடக்கம் வெள்ளவத்தையில் போடிங்கில் தங்கி, பழைய சோனகத் தெருவில் இருக்கும் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் உதவியாக இருக்கிறேன். பில் போடுவது, கடன் கொப்பி பார்ப்பது, காசோலைகளைத் திகதி பார்த்து வங்கியில் இடுவது, மாதக் கடைசியில் பொடியன்மாரின் சம்பளம், சேமலாப நிதி, வருட முடிவில் கணக்காய்வாளருக்குக் கணக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஆனால் சொந்தக்காரர் கடையை அனுபவமாக எடுக்கமாட்டார்கள் என்று நண்பி சொன்னதால், சுயவிபரக் கோவையில் அதை எழுதவில்லை. ஞாயிறு பத்திரிகைகளில் வரும் கணக்கு உதவியாளர் வெற்றிடங்களுக்கு நாற்பதுக்கு மேல் அனுப்பிவிட்டேன். இரண்டு இடங்களிலிருந்துதான் அழைப்பு வந்தது. அதிலும் ஒன்று காப்புறுதி விற்பனை வேலை. எங்கே பிழை? ஊர் விலாசம் போடுவதா, போடிங் விலாசம் போடுவதா? மதம், திருமண நிலை எல்லாம் எழுதவேண்டுமா? நான் அனுப்பும் கட்டின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டை, ஒரு வெற்றிடத்துக்கு ஆள் தெரிவு செய்யும் மேசையில் அமர்ந்து பிரிப்பதுபோலவே பிரித்துப் பார்த்தேன். மேலே முகப்புக் கடிதம். அதன் கீழே மூன்று பக்கச் சுயவிபரக் கோவை. அதன் பிறகு சான்றிதழ்களின் பிரதிகள்: பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், டிப்ளோமா, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பாடசாலை மாணவத் தலைவிச் சான்றிதழ், கோலப் போட்டியில் பெற்ற பரிசுச் சான்றிதழ். கோவையின் மூன்றாம் பக்கத்தில் ‘தொழில் அனுபவம்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்கு நேரே ஒரு சிறு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைப் பார்த்த இடத்திலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

கொழும்பில் பல கம்பனிகளின் ஆளணிப் பிரிவுகளில் இருந்து இந்தக் கட்டுகளைப் பார்த்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். ஞாயிறு விளம்பரத்துக்குப் புதன், வியாழனில் தபால் குவியும். பார்ப்பவர் முதலில் தேடுவது இரண்டே விடயங்கள். இந்த வேலையை இவர் ஏற்கனவே எங்காவது செய்திருக்கிறாரா? எப்போது வரமுடியும்? டிப்ளோமா முடித்து நான்கு வருடங்களாகியும் அனுபவத்துக்கு நேரே கோடு போட்டிருப்பவரின் கட்டு, அவர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அடுத்த குவியலுக்குப் போய்விடும். அதைச் செய்பவர் கல்நெஞ்சர் அல்லர். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கோடு மட்டுமே.

உங்கள் நண்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆலோசனை தவறு. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வசனத்தில் இருப்பதுதான் கணக்கு உதவியாளர் வேலை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புறக்கோட்டை வியாபாரம் கடனிலும் பின்திகதியிட்ட காசோலையிலும் ஓடுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு, எதை வங்கியில் இடலாம், எந்த வாடிக்கையாளர் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார், திரும்பிவந்த காசோலைக்கு யாரிடம் பேசவேண்டும் என்பதை இரண்டு வருடங்களுக்கு மேலாக ஒரு கொப்பியில் தவறாமல் வைத்திருப்பவர், கடன்பட்டோர் கணக்கைப் பராமரித்தவர். பெரிய கம்பனியில் இதற்கென்றே ஒரு மேசையும் ஓர் ஆளும் இருப்பார்கள். பொடியன்மாரின் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்து, முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதத்தையும் சேர்த்து அடுத்த மாதத்துக்குள் கட்டுகிறீர்கள் என்றால், சம்பளப்பட்டியல் உங்களுக்குத் தெரியும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமானபோது பில் புத்தகத்தையும் விலைப்பட்டியலையும் மாற்றியவர் நீங்கள்தான் என்றால், அதுவும் எழுதத் தக்கது. மார்ச் 31இல் இருப்பு எண்ணி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்து (கடைப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கூற்று அது), கணக்காய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். டிப்ளோமாவில் படித்ததைக் கையால் செய்தும் பார்த்துவிட்டீர்கள். இவ்வளவையும் மறைத்துவிட்டுக் கோலப் போட்டிச் சான்றிதழை அனுப்பியிருக்கிறீர்கள் தங்கை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே முதல் வேலையாக அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, தொழில் அனுபவத்தை முதல் பக்கத்தில், பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் அடுத்ததாகக் கொண்டுவாருங்கள். இப்படி இருக்கட்டும்:

கணக்கு உதவியாளர் (கடையின் பெயர்), பழைய சோனகத் தெரு, கொழும்பு 12. 2023 ஜனவரி முதல் இன்றுவரை.
ஏறத்தாழ 60 கடன் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பராமரித்து, பின்திகதியிட்ட காசோலைகளை உரிய நாளில் வங்கியில் இடுதல்.
மாதந்தோறும் இரண்டு நடைமுறைக் கணக்குகளுக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்தல்.
ஏழு ஊழியர்களின் சம்பளப்பட்டியல், சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக் கொடுப்பனவுகள்.
சில்லறைக் காசேடு, வருட இறுதி இருப்புக் கணக்கெடுப்பு, கணக்காய்வுக்கான அட்டவணைகளை எக்செலில் தயாரித்தல்.

எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் கொப்பியைத் திறந்து உண்மையானவற்றை எழுதுங்கள். தொடங்கிய மாதத்தையும் சரிபாருங்கள். ‘கடன் கணக்குப் பார்த்தேன்’ என்பதற்கும் ‘60 பேரின் கடன் கணக்குப் பார்த்தேன்’ என்பதற்கும் வாசிப்பவர் மனதில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கட்டுப்பாடும் உண்டு: கடையின் மாத விற்பனை, இலாபம், வாடிக்கையாளரின் பெயர்கள் எதையும் எழுதாதீர்கள். பழைய முதலாளியின் இரகசியத்தை விண்ணப்பத்திலேயே வெளியிடுபவரைக் கணக்குப் பிரிவுக்கு எடுக்க எவருக்கும் பயம் வரும்.

கடை மாமாவுடையது என்பதைக் கோவையில் சொல்லவேண்டிய அவசியமில்லை. அங்கே எழுதுவது கடையின் பெயர், உங்கள் பதவி, செய்த வேலை. நேர்முகப் பரீட்சையில் கேட்டால், ‘ஆம், என் மாமாவின் கடை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது கூச்சப்பட வேண்டாம். உறவினர் கடை என்பதால் வேலை குறைவு என்று புறக்கோட்டையைத் தெரிந்த எவரும் நினைக்கமாட்டார்கள்.

ஆனால் அதற்குச் சான்று வேண்டும். மாமாவிடம் கேட்டு, கடையின் கடிதத்தலைப்பில் ஒரு சேவைக் கடிதம் வாங்குங்கள். எந்தத் திகதியிலிருந்து, எந்தப் பதவியில், என்ன வேலைகள் என்று இருந்தால் போதும். கையொப்பத்துடன் கடையின் இறப்பர் முத்திரையும் இருக்கட்டும். உங்கள் பெயருக்கும் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தால் அந்த உறுப்பினர் இலக்கம் இன்னும் வலுவான சான்று. கட்டப்படவில்லை என்றால் அதையும் மாமாவுடன் இந்தச் சாட்டில் பேசுங்கள். மற்றவர்களின் நிதியை மாதாமாதம் கட்டும் நீங்கள் உங்களுடையதை விட்டுவிடக் கூடாது.

பரிந்துரைப்பவர்கள் இருவர் என்ற இடத்தில் மாமாவின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். விளம்பரங்களில் ‘உறவினரல்லாத இருவர்’ என்றே கேட்பார்கள். மாமாவுக்குப் பதிலாக, வருடாவருடம் உங்களிடம் கணக்கு வாங்கிப் பார்த்த கணக்காய்வாளரைப் போடுங்கள். உங்கள் வேலையின் தரம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மற்றவராக டிப்ளோமாவில் கற்பித்த விரிவுரையாளர் ஒருவரைப் போடலாம். இருவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். கேட்காமல் பெயரைப் போட்டு, கம்பனியிலிருந்து அழைப்புப் போனதும் ‘யார் அது?’ என்று அவர் தடுமாறினால், நல்ல விண்ணப்பமும் அங்கேயே முடிந்துவிடும்.

2022 பற்றி நீங்கள் மிகவும் கவலைப்பட்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக இந்த நாடு எப்படி இருந்தது என்பதை அந்த மேசையில் இருப்பவரும் அனுபவித்தவர்தான். அந்த வருடம் ஆள் எடுத்த கம்பனிகளே குறைவு. ‘2022: குடும்பத்தில் மருத்துவப் பராமரிப்பு’ என்று ஒரு வரி போதும். அம்மாவின் நோயை விவரிக்க வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், வெற்றாக விட்ட வருடத்தைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இப்போது சொந்த விபரங்களுக்கு வருகிறேன். மதம், திருமண நிலை, தந்தையின் பெயரும் தொழிலும், தேர்தல் தொகுதி, கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவை பழைய அரசாங்க விண்ணப்பப் படிவத்திலிருந்து வழிவழியாக எல்லோருடைய கோவைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தவை. தனியார் கம்பனிக்கு இவை ஒன்றும் தேவையில்லை. எடுத்துவிடுங்கள், அரைப் பக்கம் மிச்சமாகும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள். உங்களுடையது போன்ற பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருப்பார்கள். ஆக, அந்த இலக்கம் தெரிந்தவருக்கு உங்கள் பிறந்த நாளும் தெரியும். அதைப் போடிங் விலாசத்தோடும் தொலைபேசி இலக்கத்தோடும் சேர்த்து, முன்பின் தெரியாத நாற்பது இடங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ‘காப்புறுதி விற்பனை’க்கு உங்களைத் தேடி அழைத்தவருக்கு இலக்கம் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். விளம்பரத்தில் கம்பனியின் பெயரே இல்லாமல் தபால்பெட்டி இலக்கம் மட்டும் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அடையாள அட்டை இலக்கம் வேலை கிடைத்து நியமனக் கடிதம் எழுதும்போது தேவைப்படும், அப்போது கொடுக்கலாம். புகைப்படமும் கேட்டால் மட்டும்.

பெயர் விடயத்தில் ஒன்றைக் கவனித்தேன். உயர்தரச் சான்றிதழில் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு விதமாகவும், டிப்ளோமாவில் வேறு விதமாகவும், கோவையில் மூன்றாவது விதமாகவும் இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. பதிவாளர் எழுதியது ஒன்று, பாடசாலை எழுதியது ஒன்று. இனிமேல் எங்கும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். இவை எல்லாம் ஒரே ஆளின் பெயர்கள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துடன் அனுப்பத் தேவையில்லை. நியமனம் கிடைக்கும் நாளில் அலையாமல் இருக்க உதவும்.

விலாசம் கேட்டீர்கள். தபால் கையில் கிடைக்கும் விலாசம், அதாவது வெள்ளவத்தை விலாசம். கொழும்பு 06 என்பதைப் பார்த்ததும், இவர் நாளைக்கே நேர்முகத்துக்கு வரக்கூடியவர் என்று தெரிந்துவிடும். ஊரை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பாடசாலையின் பெயரிலேயே மட்டக்களப்பு இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நிரந்தர விலாசம் தனியாகத் தேவையில்லை என்பதற்காகவே விடச் சொல்கிறேன். ஊரைச் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரைக் கண்டு ஒதுக்குகிற இடத்தில் மறைத்துக்கொண்டு நுழைந்து தினமும் வேலை பார்க்க நீங்கள் ஆசைப்படமாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன். கொழும்பில் தலைமை அலுவலகம் வைத்து மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளை நடத்தும் கம்பனிகளுக்கு, கிளைகளோடு தமிழில் பேசிக் கணக்குக் கேட்கக்கூடிய ஒருவர் தலைமை அலுவலகத்தில் தேவைப்படுகிறார். உங்கள் ஊர் அங்கே உங்களுக்குப் பலம்.

அதனால்தான் மொழிகளைப் பற்றி விரிவாக எழுதச் சொல்கிறேன். ‘மும்மொழியும் தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று தனித்தனியே உண்மையை எழுதுங்கள். சிங்களத்தில் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசிப் பணம் வாங்க முடியும், எழுத வராது என்றால் அப்படியே எழுதுங்கள். எழுத வராது என்பதை ஒப்புக்கொண்டவர் பேச முடியும் என்று சொல்வதை நம்புவார்கள்.

அடுத்து முகப்புக் கடிதம். அதைத்தான் நீங்கள் அதிகம் அலட்சியம் செய்திருக்கிறீர்கள். கொமினிகேஷன் கடையில் ஒருமுறை டைப் செய்து, பத்திரிகையின் பெயருக்கும் பதவிக்கும் இடம் விட்டு, அந்த இடத்தைப் பேனையால் நிரப்பியிருக்கிறீர்கள். அச்சிட்ட வரிகளுக்கு நடுவே நீல மையில் பதவியின் பெயர். பார்த்தவுடனே, இது எல்லோருக்கும் போகும் கடிதம் என்று தெரிந்துவிடுகிறது. எல்லோருக்கும் போகும் கடிதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தனக்கு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. கடைசிப் பந்தியில் ‘இப்பதவியைத் தந்துதவினால் மேலதிகாரிகள் திருப்தியுறும் வண்ணம் கடமையாற்றுவேன் என உறுதியளிக்கிறேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். இந்த வாக்கியம் என் தகப்பனார் காலத்திலிருந்து வருகிறது. பணிவானதுதான். ஆனால் அதிலிருந்து உங்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை. கெஞ்சிக் கேட்கும் தொனியும் உங்களுக்குத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு வேலை நடக்கவேண்டியிருக்கிறது, உங்களுக்கு அந்த வேலை தெரியும்.

விளம்பரத்தை வெட்டி மேசையில் வையுங்கள். அவர்கள் கேட்டிருப்பதை ஒரு பென்சிலால் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கடை வேலையில் எது பொருந்துகிறது என்று எழுதுங்கள். பொருந்துவது மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். நாற்பது இடங்களுக்கு ஒன்றையே அனுப்புவதைவிட எட்டு இடங்களுக்கு எட்டுக் கடிதம் எழுதுவது மேல். தபால் செலவும் குறையும்.

உதாரணத்துக்கு, கட்டடப் பொருட்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனி, கடன் வசூலிப்பும் எக்செலும் தெரிந்த கணக்கு உதவியாளரைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் ஏறத்தாழ இப்படி வரும்:

“ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வெளியான கணக்கு உதவியாளர் வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன்.

2023 முதல் பழைய சோனகத் தெருவிலுள்ள ஹார்ட்வெயார் மொத்த விற்பனை நிலையம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். ஏறத்தாழ 60 கடன் வாடிக்கையாளர்களின் நிலுவைகளை வாரந்தோறும் சரிபார்த்து, தவணை கடந்தவர்களுடன் தமிழிலும் சிங்களத்திலும் தொலைபேசியில் பேசிப் பணத்தைப் பெறுகிறேன். உங்கள் விளம்பரம் கேட்கும் கடன் வசூலிப்பு வேலை இதுவே. சீமெந்து, கம்பி, குழாய் வகைகளின் பெயர்களும் அளவுகளும் பழக்கமானவை என்பதால் விலைப்பட்டியல்களைச் சரிபார்க்கப் புதிதாகப் பயிற்சி தேவைப்படாது.

உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவை 2021இல் நிறைவு செய்தேன். மாத முடிவு அறிக்கைகளை எக்செலில் தயாரிக்கிறேன்.

வெள்ளவத்தையில் வசிக்கிறேன். தெரிவானால் ஒரு மாத முன்னறிவித்தலின் பின் கடமையேற்க முடியும். வார நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பின் மேற்குறித்த இலக்கத்தில் என்னுடன் பேசலாம்.”

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். சீமெந்து, கம்பி பற்றிய அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். அதை வேறெந்த விண்ணப்பதாரியும் எழுத முடியாது. ஒவ்வொரு கடிதத்திலும் அப்படி ஒரு வரியாவது இருக்கவேண்டும். மருந்துக் கம்பனிக்கு எழுதினால் அந்த வரி மாறும். சுற்றுலா விடுதிக்கு எழுதினால் இன்னொன்றாகும்.

கொழும்புத் தனியார் கம்பனிகளுக்குக் கடிதமும் கோவையும் ஆங்கிலத்தில் போவதே வழக்கம். உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக இங்கே தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது கடையில் விற்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்துப் பெரிய சொற்களைப் போடாதீர்கள். சின்ன வசனங்களாக நீங்களே எழுதி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் பிழை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். முழுவதையும் அவரிடம் எழுதி வாங்கினால், நேர்முகத்தில் பேசும் ஆளும் கடிதம் எழுதிய ஆளும் வேறு என்று இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கடிதத்தை யாருக்கு என்று விலாசமிடுவது? விளம்பரத்தில் கம்பனியின் பெயர் இருந்தால், பொது இலக்கத்துக்கு அழைத்து, மனிதவள முகாமையாளரின் பெயரையும் அதன் எழுத்துக்கூட்டலையும் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தபால்பெட்டி விளம்பரத்துக்கு ‘ஐயா / அம்மணி’ போதும். எதிர்பார்க்கும் சம்பளத்தை அவர்கள் கேட்டிருந்தால் மட்டும் ஒரு வரம்பாக எழுதுங்கள்.

தபாலில் அனுப்புவதானால் ஏ4 தாளில், மடிக்காமல், அதே அளவு உறையில் போடுங்கள். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதவேண்டும் என்று விளம்பரங்களில் கேட்பார்கள். அதை மறந்தால் உறை எந்த மேசைக்கும் போகாமல் சுற்றும். முடிவுத் திகதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழ்ப் பிரதிகள் கேட்டிருந்தால் மட்டும் வையுங்கள். மூலச் சான்றிதழை ஒருபோதும் தபாலில் போடக்கூடாது.

மின்னஞ்சலில் கேட்டிருந்தால், கடிதத்தை மின்னஞ்சலின் உள்ளேயே எழுதி, கோவையைப் பிடிஎஃப் ஆக ஒரே கோப்பாக இணையுங்கள். கோப்பின் பெயர் உங்கள் பெயரும் பதவியுமாக இருக்கட்டும். நீங்கள் அனுப்பியதில் ‘புதியது இறுதி 2’ என்று இருக்கிறது. இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவங்கள் பல அமெரிக்கத் தாள் அளவில் அமைந்தவை. நம்முடைய ஏ4 தாளைவிட அவை அகலம் கூடியவை, உயரம் குறைந்தவை. அதனால்தான் உங்கள் பிரதியில் கீழே வெள்ளை விழுந்து, கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கின்றன. பக்க அமைப்பில் ஏ4 என்று மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். எங்காவது தமிழில் கோவை கேட்டு, நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத்தான் திறக்கும். யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

அரச வேலைக்கு நான் இதுவரை சொன்னவற்றில் பாதி பொருந்தாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் மாதிரி விண்ணப்பப் படிவம் கொடுத்திருந்தால், அதில் உள்ள தலைப்புகளையும் வரிசையையும் அச்சொட்டாகப் பின்பற்றவேண்டும். மதம் கேட்டாலும் அடையாள அட்டை இலக்கம் கேட்டாலும் எழுதத்தான் வேண்டும். கையொப்பத்தைச் சமாதான நீதவான், சட்டத்தரணி, அரச பாடசாலை அதிபர் போன்ற ஒருவர் அத்தாட்சிப்படுத்தவேண்டும் என்று கேட்டால் அதைச் செய்யாமல் அனுப்புவது வீண். அங்கே முகப்புக் கடிதத்தில் உங்கள் திறமையை விளக்குவதால் பலன் இல்லை. அங்கே பார்ப்பது தகைமையையும் வயதெல்லையையும் பரீட்சைப் புள்ளியையும்தான்.

அனுப்பிய இடங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: கம்பனி, பதவி, அனுப்பிய திகதி, முடிவுத் திகதி, யாருடன் பேசினீர்கள். காசோலைக் கொப்பி வைத்திருக்கும் உங்களுக்கு இது புதிதில்லை. முடிவுத் திகதி கடந்து இரண்டு வாரம் ஆகியும் செய்தி இல்லை என்றால் ஒருமுறை அழைத்து, விண்ணப்பம் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள். அறியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடாதீர்கள். கடை இரைச்சலில் எடுக்க நேர்ந்தால், ‘ஐந்து நிமிடத்தில் திருப்பி எடுக்கிறேன்’ என்று சொல்லி வெளியே வந்து பேசுங்கள்.

இந்த வாரம் சேவைக் கடிதத்தையும் கணக்காய்வாளரின் அனுமதியையும் முதலில் வாங்குங்கள். கோவையை இரண்டு பக்கமாகத் திருத்தி, நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் ஒரு விளம்பரத்தின் வெட்டுத்துண்டோடும் அதற்கு எழுதிய கடிதத்தோடும் எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஞாயிறுக்கு முன் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.